தென்னை நார்க்கழிவுத் தொழில்: கழுவும் நீரையும் கணக்கில் சேர்க்க வேண்டும்

தென்னை மட்டையிலிருந்து நார் பிரிக்கும்போது உதிரும் பழுப்பு நிறத் தூளே நார்க்கழிவு ஆகும். ஒரு காலத்தில் நார் ஆலைகளின் பின்புறத்திலும் சாலை ஓரங்களிலும் கேட்பாரற்றுக் குவிந்து கிடந்த இத்தூள், இன்று கட்டியாக அழுத்தப்பட்டு அயல்நாடுகளுக்குக் கப்பல் ஏறுகிறது. 2019-20ஆம் ஆண்டில் இந்தியாவின் தென்னை நார்ப் பொருள்கள் ஏற்றுமதி 2,757.90 கோடி ரூபாய். அதில் நார்க்கழிவு மட்டும் 1,349.63 கோடி ரூபாய். அதாவது, கழிவு என்று ஒதுக்கப்பட்ட பொருள் ஏற்றுமதி வருமானத்தில் ஏறக்குறைய பாதியை ஈட்டித் தந்தது.

குப்பையைக் காசாக்கிய தொழில்முனைவோருக்கு இது பெருமை தரும் செய்தியே. ஆனால் தூளைக் கழுவிய நீர் எங்கே சென்றது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் கணக்கு முழுமையாகும். குவியல் மறைந்து, அதன் உப்பும் சாயமும் அக்கம்பக்கத்துக் கிணறுகளில் இறங்கினால், கழிவு ஒழிந்ததாகக் கொள்ள முடியாது. இடம் மாறியதாகவே கொள்ள வேண்டும். இத்தொழிலில் இறங்க நினைப்போரும், மட்டையை விற்கும் தென்னை விவசாயிகளும் இதை நன்கு அறிந்திருப்பது அவசியம்.

கழிவின் அளவு

ஏறத்தாழ 10,000 மட்டைகளை இயந்திரத்தில் அடித்தால் ஒரு டன் நார் கிடைக்கிறது. அப்போது உதிரும் தூள் சுமார் 2 டன். நாரைக் காட்டிலும் கழிவே இரு மடங்கு என்பதால், நார் ஆலைகள் பெருகிய இடங்களில் எல்லாம் தூளும் மலைபோல் பெருகியது. பொள்ளாச்சி, ஆனைமலை, உடுமலைப்பேட்டை வட்டாரங்கள் இதற்கு எடுத்துக்காட்டு.

தோப்புக் கணக்கில் பார்ப்போம். 25 அடி இடைவெளியில் நட்டால் ஏக்கருக்கு 70 மரங்கள். மரத்துக்கு ஆண்டுக்கு 100 காய் என்று வைத்துக்கொண்டால் 7,000 மட்டைகள். இவற்றிலிருந்து வரும் தூள் ஏறத்தாழ 1.4 டன். ஒரு தோப்புக்கு இது பெரிய அளவல்ல. ஆனால் நூற்றுக்கணக்கான ஏக்கரின் மட்டைகள் ஓர் ஆலையின் களத்தில் வந்து சேரும்போதுதான் தொல்லை தொடங்குகிறது.

திறந்த வெளியில் குவிந்த தூள் கோடையில் எளிதில் தீப்பற்றும். மேலே தணல் தெரியாமல் உள்ளே நாள் கணக்கில் புகையும். காற்றடித்தால் பக்கத்து வயல்களிலும் வீடுகளிலும் தூசி படியும். மழை பெய்தால் குவியலிலிருந்து தேநீர் நிறத்தில் நீர் வடியும்.

எளிதில் மக்காதது ஏன்?

இலை, தழை, வைக்கோல் போல நார்க்கழிவு தானாக மக்குவதில்லை. இதற்குக் காரணம் இதிலுள்ள லிக்னின் என்ற கடினமான மரச்சத்து. நார்க்கழிவில் இது சுமார் 30 சதவீதம் உள்ளது. சாதாரண பாக்டீரியாக்களால் இதை எளிதில் சிதைக்க முடிவதில்லை.

மேலும் நார்க்கழிவில் கரிமச்சத்து மிக அதிகம். தழைச்சத்து மிகக் குறைவு. இவ்விரண்டின் விகிதம் 112:1. இத்தகைய பொருளை அப்படியே வயலில் கொட்டினால், அதைச் சிதைக்க முனையும் நுண்ணுயிர்கள் தங்களுக்குத் தேவையான தழைச்சத்தை மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும். பயிருக்குக் கிடைக்க வேண்டியது குறைந்து பயிர் வெளுக்கும். தூளில் உள்ள பீனால் பொருள்கள் இளம் நாற்றுகளின் வளர்ச்சியையும் தடுக்கும். ‘நார்க்கழிவு போட்டேன், பயிர் மஞ்சளாகிவிட்டது’ என்று விவசாயிகள் சிலர் கூறுவதற்கு, மக்காத தூளை இட்டதே பெரும்பாலும் காரணமாகும்.

எனினும் இத்தூளுக்கு ஓர் அரிய குணம் உண்டு. தன் எடையைப் போல் 5 மடங்குக்கும் மேல் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதே வேளையில் வேருக்குக் காற்றோட்டமும் தரும். இக்குணமே இதை உரமாகவும், நாற்று வளர்க்கும் ஊடகமாகவும் உயர்த்தியது.

காளான் செய்யும் வேலை

லிக்னினைச் சிதைக்கும் ஆற்றல் சிப்பிக் காளானுக்கு உண்டு. இதைப் பயன்படுத்தி நார்க்கழிவை உரமாக்கும் முறையைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. கேரளத்தில் ஆலப்புழையை அடுத்த களவூரில் உள்ள கயிறு வாரியத்தின் மத்திய கயிறு ஆராய்ச்சி நிலையம், ‘பித்பிளஸ்’ என்ற காளான் வித்துக் கலவையை உருவாக்கியுள்ளது.

ஒரு டன் நார்க்கழிவுக்குத் தேவையானவை: யூரியா 5 கிலோ, சிப்பிக் காளான் வித்து ஒன்றரைக் கிலோ. முதலில் தூளில் கலந்திருக்கும் நார்த்துண்டுகளைச் சலித்து நீக்க வேண்டும். நிழலான, நீர் தேங்காத இடத்தில் 5 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலத்துக்கு இடத்தைச் சமன் செய்துகொள்ள வேண்டும்.

அந்த இடத்தில் 100 கிலோ தூளைச் சீராகப் பரப்ப வேண்டும். அதன் மேல் 300 கிராம் காளான் வித்தைத் தூவ வேண்டும். அதற்கு மேல் மற்றொரு 100 கிலோ தூளைப் பரப்பி, ஒரு கிலோ யூரியாவைத் தூவ வேண்டும். இவ்வாறு வித்து ஓர் அடுக்கு, யூரியா ஓர் அடுக்கு என மாற்றி மாற்றி ஒரு மீட்டர் உயரம் வரை அடுக்க வேண்டும். ஒரு டன்னுக்கு மொத்தம் 10 அடுக்குகள் வரும். வித்தையும் யூரியாவையும் ஒரே அடுக்கில் சேர்த்து இடக்கூடாது.

குவியல் காயாமல் அவ்வப்போது நீர் தெளித்து வர வேண்டும். ஒரு பிடி எடுத்து அழுத்தினால் ஈரம் தெரிய வேண்டும். நீர் ஒழுகக் கூடாது. இந்த அளவில் வைத்திருந்தால் குவியலிலிருந்து சாய நீர் வடிவதும் இல்லை.

ஏறத்தாழ ஒரு மாதத்தில் தூள் மக்கும். பழுப்பு நிறம் மாறிக் கருமை படரும். குவியலின் உயரம் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறையும். மண் வாசனை வரும். இந்த அடையாளங்கள் தோன்றாவிட்டால் மேலும் சில வாரங்கள் விட்டுவைப்பதே நல்லது. மக்கிய உரத்தில் லிக்னின் 30 சதவீதத்திலிருந்து சுமார் 5 சதவீதமாகக் குறைகிறது. தழைச்சத்து 0.26 சதவீதத்திலிருந்து 1.24 சதவீதமாக உயர்கிறது. கரிமச்சத்து, தழைச்சத்து விகிதம் 24:1 ஆகிறது.

இவ்வுரத்தை ஹெக்டேருக்கு 5 டன், அதாவது ஏக்கருக்கு 2 டன் வீதம் அடியுரமாக இடலாம். தென்னை, மா, வாழை போன்றவற்றுக்கு மரத்துக்குக் குறைந்தது 5 கிலோ இட வேண்டும். பை நாற்றுகளுக்கான மண் கலவையில் 20 சதவீதம் சேர்க்கலாம்.

ஓர் எச்சரிக்கை: பெரும் பரப்புக்கு இவ்வுரத்தை விலை கொடுத்து வாங்கி இடுவது கட்டுபடியாகாது. சொந்தத் தோப்பில் தயாரித்துக்கொள்வதே சிக்கனம். வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால், முழுமையாக மக்கியதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

கட்டி தயாரிக்கும் தொழில்

ஐரோப்பிய நாடுகளில் பூச்செடி, காய்கறி நாற்றுகள் வளர்க்க நெடுங்காலமாக ‘பீட்’ என்ற சதுப்பு நில மக்கைப் பயன்படுத்தி வந்தனர். பாசிகள் நீருக்குள் அரைகுறையாக மக்கி, ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் உருவாகும் பொருள் இது. ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். இதை வெட்டி எடுப்பதால் சதுப்பு நிலங்கள் அழிகின்றன. அவற்றில் அடங்கியிருந்த கரி, கரியமில வாயுவாகக் காற்றில் கலக்கிறது. இதற்கு மாற்றாகத் தேடப்பட்ட பொருள்களுள் முன்னணியில் வந்தது தென்னை நார்க்கழிவு.

நம் நாட்டிலும் தேவை உண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் 2004-05 முதல் 2006-07 வரை நடைபெற்ற நுண்ணிய பண்ணையத் திட்டம், குழித்தட்டு நாற்று முறையை விவசாயிகளிடம் பரவலாகக் கொண்டு சென்றது. 98 குழிகள் கொண்ட ஒரு தட்டை நிரப்ப ஏறத்தாழ 1.2 கிலோ நார்க்கழிவு தேவைப்படுகிறது. மாடித் தோட்டம் போடுவோரும் இதை வாங்குகின்றனர்.

கட்டி தயாரிக்கும் முறை எளியதே. தூளைச் சலித்து, நல்ல நீரில் கழுவி, களத்தில் பரப்பி வெயிலில் உலர்த்தி, நீரழுத்த இயந்திரத்தில் அழுத்துகிறார்கள். 5 கிலோ கட்டியும் 650 கிராம் செங்கல் கட்டியும் சந்தையில் வழக்கமானவை. லேசான தூளை இவ்வாறு அழுத்தினால்தான் ஏற்றிச் செல்லும் கூலி கட்டுபடியாகும்.

ஏன் கழுவ வேண்டும்? தென்னை, சாம்பல் சத்தையும் குளோரைடையும் மிகுதியாக உறிஞ்சும் மரம். இவை மட்டையில் தங்கிவிடுகின்றன. சோடியமும் உண்டு. தொட்டியிலும் தட்டிலும் வளரும் இளம் செடிகள் இந்த உப்பைத் தாங்குவதில்லை. எனவே வெளிநாட்டு வாடிக்கையாளர்கள், உப்பின் அளவைக் காட்டும் மின் கடத்தும் திறன் 0.5 டெசிசைமனுக்கும் குறைவாக உள்ள தூளைக் கேட்கின்றனர். சிலர் இன்னும் ஒரு படி மேலே சென்று, கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைத்துக் கழுவிய தூளைக் கேட்கின்றனர். தூளில் ஒட்டியிருக்கும் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் கால்சியம் வெளியேற்றிவிட்டு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பதே காரணம்.

நீரில் போவது என்ன?

தூளிலிருந்து வெளியேறிய உப்பு மாயமாய் மறைவதில்லை. அது கழுவிய நீரில் இருக்கிறது. இதன் அளவைத் தோராயமாகக் கணக்கிடலாம்.

நார்க்கழிவில் சாம்பல் சத்து சுமார் 0.78 சதவீதம். ஒரு டன் தூளில் இது 7.8 கிலோ. நாளொன்றுக்கு 10,000 மட்டை அடிக்கும் ஆலையில் 2 டன் தூள் வரும். ஆண்டுக்கு 300 நாள் ஆலை ஓடினால் 600 டன். அதிலுள்ள சாம்பல் சத்து 4.7 டன் அளவுக்கு வரும். 60 சதவீதச் சத்துள்ள மூரியேட் ஆப் பொட்டாஷ் உரமாக மாற்றிப் பார்த்தால் ஏறத்தாழ 7.8 டன், 50 கிலோ மூட்டைக் கணக்கில் 150 மூட்டைக்கு மேல். அத்தூள் முழுவதையும் கழுவினால், இதில் பெரும்பகுதி நீரோடு போய்விடும். அந்நீரைக் களத்திலேயே வழிய விட்டால், ஓரிரு ஏக்கர் நிலத்தின் அடியில் ஆண்டுதோறும் அத்தனை உப்பும் இறங்கும். வேறு உப்புகள் இக்கணக்கில் சேரவில்லை.

இதனுடன் டானின் முதலிய சாயப் பொருள்களும் இறங்குகின்றன. கிணற்று நீர் பழுப்பேறும், நாற்றம் வரும், குடிக்க உதவாது. உப்பு ஏறிய நீரைத் தொடர்ந்து பாய்ச்சினால் காய்கறிப் பயிர்களின் இலை நுனி கருகும், மண்ணும் கெடும். ஒரு முறை நிலத்தடியில் இறங்கிய உப்பை வெளியேற்றுவது எளிதல்ல. நல்ல மழை ஆண்டுகள் பல தேவைப்படும்.

பொள்ளாச்சி வட்டாரத்தில் கிணறுகள் நிறம் மாறியது குறித்து விவசாயிகளின் புகார்கள் எழுந்தன. 2021ஆம் ஆண்டில் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், தென்னை நார்த் தொழிலை மாசு குறைந்த வெள்ளை வகையிலிருந்து ஆரஞ்சு வகைக்கு மாற்றியது. ஆரஞ்சு வகைத் தொழிலை நிறுவவும் நடத்தவும் வாரியத்தின் இசைவு பெற வேண்டும். தொழில்முனைவோரிடையே இதற்கு எதிர்ப்பு எழுந்தது. சிறு ஆலைகள் தாங்குமா என்பது அவர்கள் கவலை. அக்கவலையில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் ஆலையைச் சுற்றியுள்ள தோப்புகளின் கிணறு கெட்டால், அந்த ஆலைக்கு மட்டை தரும் மரமும் கெடும் என்பதை மறக்கலாகாது.

இதில் வேதனையான மற்றொன்றும் உண்டு. காய்க்கும் தென்னை மரம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 1.3 கிலோ யூரியா, 2 கிலோ சூப்பர் பாஸ்பேட், 2 கிலோ மூரியேட் ஆப் பொட்டாஷ் பரிந்துரைக்கப்படுகிறது. ஏக்கருக்கு 140 கிலோ பொட்டாஷ் உரம் வேண்டும். நம் நாடு பொட்டாஷ் உரத்துக்குப் பெரிதும் இறக்குமதியையே நம்பியுள்ளது. அதே ஏக்கரின் மட்டைத் தூளில், இத்தேவையில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்குக்கு ஈடான சாம்பல் சத்து இருக்கிறது. அதைக் கழுவிக் கிணற்றில் இறக்கிவிட்டுக் கடையில் மூட்டை வாங்குவது, கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது போன்றதாகும்.

நீரைக் காக்கும் வழிகள்

கழுவாமல் முடியும் வேலைக்குக் கழுவக் கூடாது. இதுவே முதல் விதி. மரங்களுக்கும் வயலுக்கும் போகும் தூளைக் காளான் வித்திட்டு மக்க வைத்தால் போதும். சாம்பல் சத்து உரத்திலேயே தங்கும். நாற்றுத் தட்டுக்கும் ஏற்றுமதிக்கும் போகும் தூளை மட்டுமே கழுவ வேண்டும்.

கழுவும் களத்துக்குச் சிமெண்டுத் தளம் அவசியம். மண் தரையில் கழுவவே கூடாது. தளத்தைச் சுற்றி வாய்க்கால் அமைத்து, நீர் முழுவதும் கசியாத தொட்டிக்குச் சென்று சேருமாறு செய்ய வேண்டும்.

நீரை முறை வைத்துப் பயன்படுத்தினால் செலவு குறையும். கடைசிக் கழுவலில் வெளிவரும் நீரில் உப்பு குறைவு. அதை வீணாக்காமல் அடுத்த தொகுதித் தூளின் முதல் கழுவலுக்கு எடுக்க வேண்டும். முதல் கழுவலில் வரும் உப்பு மிகுந்த நீர் மட்டுமே கழிவு நீராக மிஞ்சும். நீர் குறைந்தால் அதைக் கையாளுவதும் எளிதாகும்.

மழை நீரைச் சேமித்துக் கழுவலாம். மழைக்காலத்தில் தூள் குவியலைத் தார்ப்பாய் கொண்டு மூட வேண்டும். குவியலில் விழும் மழையும் கழிவு நீரே.

மிஞ்சிய நீரில் சாம்பல் சத்து இருப்பதால், நல்ல நீரில் கலந்து தென்னைக்குப் பாய்ச்சலாம் என்ற எண்ணம் எழுவது இயல்பு. தென்னை ஓரளவு உப்பைத் தாங்கும் மரம்தான். ஆயினும் நீரையும் மண்ணையும் பரிசோதித்து, வாரியத்தின் இசைவையும் பெற்ற பின்பே இதைச் செய்ய வேண்டும். ஒரே இடத்தில் ஆண்டு முழுவதும் விடுவது அறவே கூடாது.

யாருக்கு எது ஏற்றது?

ஓரிரு ஏக்கர் தோப்பு உள்ளவர் தொழில் எதுவும் தொடங்க வேண்டியதில்லை. மரத்தைச் சுற்றி 1.8 மீட்டர் ஆரத்தில் பாத்தி எடுத்து, 100 மட்டைகளைக் குழிவான பக்கம் கீழே இருக்குமாறு கவிழ்த்து அடுக்கலாம்; அல்லது நார்க்கழிவை 10 சென்டிமீட்டர் உயரத்துக்குப் பரப்பலாம். கோடையில் ஈரம் காக்க இது சிறந்த மூடாக்கு.

சிறு முதலீட்டில் தொழில் தொடங்க விரும்புவோருக்கு உரம் தயாரிப்பது பொருத்தமானது. நிழல் கொட்டகை, சல்லடை, நீர், காளான் வித்து இவை போதும். ஆலையிலிருந்து தூளை எடுத்து வந்து மக்க வைத்து, அக்கம்பக்கத்து நாற்றுப் பண்ணைகளுக்கும் மாடித் தோட்டக்காரர்களுக்கும் விற்கலாம். தொலைதூரம் ஏற்றிச் சென்றால் கூலி லாபத்தை விழுங்கிவிடும்.

கட்டி தயாரித்து ஏற்றுமதி செய்வோருக்கு முதலீடு அதிகம்; அபாயமும் அதிகம். 2021இல் உலகெங்கும் கன்டெய்னர் வாடகை பல மடங்கு ஏறியபோது, இத்தகைய எடை குறைந்த, விலை குறைந்த சரக்குகளே பெரிதும் அடிபட்டன. வெளிநாட்டுச் சந்தையை மட்டும் நம்பாமல் உள்ளூர் வாடிக்கையாளர்களையும் வைத்திருப்பது நல்லது.

தொடங்குமுன் கவனிக்க

தொழிலுக்கான திட்டச் செலவு எழுதும்போதே சிமெண்டுத் தளம், வாய்க்கால், தொட்டி ஆகியவற்றின் செலவையும் எழுதிக்கொள்ள வேண்டும். இவற்றை விட்டுவிட்டுப் போட்ட லாபக் கணக்கு பொய்க் கணக்கு. விட்டுப்போன செலவைப் பக்கத்துத் தோட்டக்காரர் தம் கிணற்றால் செலுத்த நேரிடும்.

தொழில் தொடங்கும் முன் ஆலை அமையும் இடத்திலும் சுற்றிலும் உள்ள கிணற்று நீரைப் பரிசோதித்து, முடிவைக் கையில் வைத்திருப்பது இரு தரப்புக்கும் பாதுகாப்பு. பின்னர் ஆண்டுக்கு ஒரு முறையேனும் பரிசோதித்தால், கெடுதல் தொடங்கும்போதே கண்டுகொண்டு திருத்த முடியும். மட்டை விற்கும் விவசாயிகளும், தம் மட்டை எந்த ஆலைக்குப் போகிறது, அங்கே தூளும் நீரும் என்ன ஆகின்றன என்று கேட்கத் தயங்க வேண்டியதில்லை.

தொழில் நுட்ப விவரங்களுக்குப் பொள்ளாச்சியில் உள்ள கயிறு வாரிய மண்டல அலுவலகத்தையும், காளான் வித்து, மக்க வைக்கும் முறை ஆகியவற்றுக்குக் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தையும் அணுகலாம். கடன், மானியம் பற்றி மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டறியலாம். தொடங்கவிருக்கும் தொழில் எந்த வகையில் வருகிறது, எத்தகைய இசைவு வேண்டும் என்பதை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுத் தெளிந்த பிறகே இயந்திரத்துக்கு முன்பணம் கட்ட வேண்டும்.